பாலத்துல ஒரு டெட்லாக்

எங்க ஊரு திண்டுக்கல்லுங்க. பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை பத்தியெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. நான் ஒரு பாலத்தைப் பத்தி எழுதறேன்.

மதுரை போற 44ஆம் நம்பர் நாலுவழிச் சாலையில (பழைய என்.எச். 7) பறந்து பழகினவங்களுக்கு இது புரியாது. ஊருக்கு வெளிய, குடகனாத்துக்குப் போற ஒரு ஓடை மேல பழைய பாலம். ரோட்டை அகலப்படுத்தினாங்க, பாலத்தை அப்படியே விட்டுட்டாங்க. புட்டி மாதிரி வயிறு பெருசு, கழுத்து சிறுசு!

2023 பொங்கல் லீவு. ராத்திரி, டிவிஎஸ்ல நான், பின்னாடி அப்பா. எதிர்ல ஒரு பஸ். "நான் வர்றேன், நில்லு"ன்னு ஹெட்லைட்டை ரெண்டு தடவை அடிச்சேன். டிரைவருக்கு அது "நீ வா"ன்னு பட்டிருக்கு. ஒரே சிக்னல், ரெண்டு அர்த்தம். பொட்டி தட்டுறவன் நான், இந்த பக் எனக்கே தெரியாமப் போச்சு :-(

பாதிப் பாலத்துல பஸ் உரசற மாதிரி வந்துச்சு. இடது பக்கம் ஒதுங்கினேன். கைப்பிடிச் சுவத்துல அப்பாவோட முட்டி தேய்ஞ்சு ரத்தம். இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தா... வேணாம், எழுத மனசு வரல.

மறுநாள் போய் அடி வச்சு அளந்தேன். சுமாரா அஞ்சரை மீட்டர். நம்ம சட்டப்படி ஒரு பஸ்ஸோட அகலம் 2.6 மீட்டர் வரைக்கும் இருக்கலாம். ரெண்டு பஸ்னா 5.2. மிச்சம் ஒரு அடி. அதுல கண்ணாடியும் நீட்டிட்டு இருக்கும், டூவீலர்காரன் எங்க போவான்? ரெண்டு வழிப் பாலத்துக்கு 7.5 மீட்டர் வேணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லுது. 60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி மூணு செகண்டுல 50 மீட்டர் ஓடிரும். பாலம் கண்ணுல பட்டப்புறம் யோசிச்சா லேட்.

எல்லாப் பாலத்தையும் உடனே இடிச்சுக் கட்ட முடியாதுதான். ஆனா 'குறுகிய பாலம்' போர்டு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு. அதை முன்கூட்டியே நட்டு, சுவரோட முனையில ரிஃப்ளெக்டர் ஒட்டி, ரோட்டுல வேகத்தடைக் கோடு போட எவ்வளவு செலவாகிடப் போகுது?

அப்பா இப்போ பாலத்துக்கு முன்னாடியே ஓரமா நின்னு காலை ஊனிடறாரு. பின்னாடி ஹாரன் அடிச்சாலும் அசையறதில்ல.

"பாலம் எங்கயும் ஓடிப்போயிராதுடா, அவன் போகட்டும்."

டெட்லாக்குக்கு நான் படிச்ச தீர்வும் அதேதாங்க. யாராவது ஒருத்தர் முதல்ல விட்டுக் கொடுக்கணும். நானும் இப்பல்லாம் லைட் அடிக்கிறதில்ல, நின்னுடறேன்.