சிவப்பு ‘எல்’ எழுத்து

நாற்பது வருஷமாக நான் மோட்டார் ஓட்டி வருகிறேன். மதுரை வீதிகளில் மாட்டுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து புறப்பட்டவன். ஆகையால் லண்டனில் நர்ஸாக இருக்கும் என் பெண், “அப்பா, இந்த ஊரில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது” என்று டெலிபோனில் சொன்னபோது, “அதற்கென்ன, நான் வந்து பத்து நாளில் பழக்கிவிடுகிறேன்” என்று வீரம் பேசினேன். அந்த வீரத்துடனேயே 2025 ஜனவரியில், ஆறு மாத விசாவும் இரண்டு கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய் இறங்கியதும் முதல் அடி விழுந்தது. அந்நாட்டுச் சட்டப்படி, விருந்தாளியாக வந்த நான் எங்கள் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு தாராளமாகக் கார் ஓட்டலாம். ஆனால் பழகுகிறவர் பக்கத்தில் துணையாக உட்கார எனக்கு யோக்கியதை கிடையாது! அதற்கு பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய லைசென்ஸ் மூன்று வருஷமாவது வைத்திருக்க வேண்டுமாம். என் பெண் மணிக்கு நாற்பது பவுன் கொடுத்து ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொண்டாள். காரின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்தை ஒட்டிக்கொண்டு அவள் புறப்படும்போதெல்லாம் நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். என் பத்து நாள் திட்டம் அத்துடன் முடிந்தது.

இரண்டாவது அடி, பரீட்சைத் தேதி. புதிய தேதிகளைத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திறந்து விடுகிறார்கள். எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசிக்குக்கூட அவ்வளவு பயபக்தியுடன் எழுந்ததில்லை. ஐந்தரை மணிக்கே காபியைக் கலந்து வைத்துக்கொண்டு மடிக்கணினியின் முன் உட்காருவோம். திரையில் ‘உங்களுக்கு முன் இத்தனை ஆயிரம் பேர் வரிசையில் இருக்கிறார்கள்’ என்று தெரியும். எங்கள் முறை வருவதற்குள் தேதிகள் மாயமாய் மறைந்துவிடும். மூன்றாவது திங்களன்று ஒரு தேதி அகப்பட்டது. எப்போதைக்கு? ஜூலை மாதத்திற்கு! நான் ஊர் திரும்புவதற்கு ஐந்து நாள் முன்பு.

அறுபத்திரண்டு பவுன் கட்டணமுள்ள தேதிகளை யந்திரங்களை ஏவி வாங்கிவிட்டு, பல மடங்கு விலைக்கு விற்கும் தரகர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒருவன் என் பெண்ணிடம் முந்நூறு பவுன் கேட்டான். புதுப்படத்தின் முதல் நாள் டிக்கெட்டைக் கறுப்பில் விற்றவர்களைப் பார்த்திருக்கிற எனக்கு, வெள்ளைக்காரச் சீமையிலும் அந்தக் கைத்தொழில் செழிப்பதைக் கண்டு ஒரு பக்கம் ஆறுதல்கூட உண்டாயிற்று. என் பெண் மட்டும், “வேண்டாம் அப்பா, முறைப்படியே போகிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு இது வேடிக்கையல்ல. நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று சிகிச்சை செய்யும் உத்தியோகம் ஒன்று அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. கார் லைசென்ஸ் இருந்தால்தான் நியமனம். ஜூலை வரையில் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவரையில் இராத்திரி வேலை முடிந்து, குளிரில் இரண்டு பஸ் மாறி, விடிந்த பிறகு வீடு வந்து சேருவாள்.

பிரிட்டனில் மோட்டார்ப் பரீட்சை கட்டாயமானது 1935 ஜூன் 1-ஆம் தேதி. அப்போது கட்டணம் ஏழரை ஷில்லிங். யுத்தத்தின் காரணமாக 1939-இல் பரீட்சையை நிறுத்தி, 1946-இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போதும் நிறுத்தி வைத்தார்கள். அச்சமயம் பழகுகிறவர்கள் துணையின்றியே ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள். பிறகு 2020-இல் கொரோனா வந்தது. அதனால் சுமார் பதினொரு லட்சம் பரீட்சைகள் நடைபெறாமல் போயின. அந்தப் பாக்கி இன்னும் தீர்ந்தபாடில்லை. 2020 பிப்ரவரியில் சுமார் ஐந்து வாரமாக இருந்த காத்திருப்பு, 2025 செப்டம்பரில் சராசரி 22 வாரமாகிவிட்டது என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. 2021-லிருந்து பத்தொன்பது முறை ஆள் எடுத்தும், பரீட்சாதிகாரிகளின் தொகை 83 தான் கூடியதாம்.

ஜூலையும் வந்தது. பரீட்சை நாற்பது நிமிஷம். சிறு பிழைகள் பதினைந்து வரை மன்னிப்பு உண்டு; பெரும் பிழை ஒன்றுகூட ஆகாது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்த சுலோகங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெண் திரும்பி வந்து இறங்கியபோதே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வட்டச் சந்திப்பில் வலப்புறமிருந்து வந்த வண்டிக்கு வழிவிடவில்லையாம்.

“நன்றாகத்தான் ஓட்டினேன் அப்பா. ஆனால் இது போனால் இன்னும் ஐந்தாறு மாதம் ஆகுமே என்ற ஒரே நினைவு. அந்த நினைவில் வண்டியைக் கவனிக்கவில்லை” என்றாள்.

உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று.

அன்று மாலை அந்த இலாகாவையும், தரகர்களையும், அந்நாட்டு அரசாங்கத்தையும் வாய் ஓயாமல் திட்டினேன். சாதம் பரிமாறிக்கொண்டே என் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, கோபமே இல்லாமல், “அப்பா, அண்ணாவுக்குப் பதினெட்டு வயசில் கார் சொல்லிக் கொடுத்தீர்கள். நானும் கேட்டேன், நினைவிருக்கிறதா? ‘பிறகு பார்க்கலாம் அம்மா’ என்றீர்கள்” என்றாள்.

நினைவிருந்தது. ஒரு முறையல்ல, பல முறை சொல்லியிருக்கிறேன். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை ஓட்டுவான் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இலாகாவில் 24 வாரம் காக்க வைத்தார்கள்; என் இலாகாவில் பன்னிரண்டு வருஷம். அவர்களாவது ஒரு தேதி கொடுத்தார்கள்!

நான் ஊர் திரும்பிய பிறகு, டிசம்பரில் இரண்டாம் முறை போய் அவள் தேறினாள். இப்போது வேறோர் இடத்தில் அதே மாதிரி வேலை செய்கிறாள். இராத்திரிப் பஸ் இல்லை.

அந்தச் சந்தோஷச் செய்தி வந்த அன்று, என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “நம் ஊரில் பழகுவதற்கு லைசென்ஸ் வாங்கி முப்பது நாளானால் பரீட்சைக்குப் போகலாமாமே?” என்று விசாரித்தாள்.

“ஆமாம், யாருக்கு?” என்றேன்.

“எனக்குத்தான்.”

‘பிறகு பார்க்கலாம்’ என்ற வார்த்தை நாக்கின் நுனி வரையில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். இப்போது எங்கள் வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்கிறது. துணைக்கு உட்கார இந்த ஊரில் எனக்கு யோக்கியதை உண்டு.