நீருக்குள் ஒரு நாழிகை

கடற்கரையைச் சேர்ந்த குடும்பத்தாருக்குக் கடலின்மேல் தனி ஆசை இருக்கும் என்று பலர் எண்ணுவர். எங்கள் குடும்பத்தில் இருந்தது ஆசையன்று, அச்சம். என் பாட்டனார் தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து, ஒரே மூச்சில் அடிமட்டம் சேர்ந்து, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார். அங்கே முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அதற்குள் அவருடைய ஒரு காது செவிடாகிவிட்டது. “படித்து உத்தியோகத்துக்குப் போ, கடல் நம்மோடு போகட்டும்” என்று என் தந்தையாரிடம் கூறினாராம். தந்தையார் தில்லிக்கு வந்தார். நான் இங்கே பிறந்தேன். விடுமுறையில் ஊருக்குச் சென்றாலும் கணுக்கால் நனைவதற்கு மேல் எங்களை அவர் விட்டதில்லை.

ஆகவே, சென்ற தை மாதம் அந்தமானில் கடலுக்குள் மூழ்கிப் பார்க்க வேண்டும் என்று என் மகள் பிடிவாதம் செய்தபோது நான் திகைத்தேன். அவளைத் தனியே அனுப்ப மனமில்லை. தடுக்கவும் நியாயம் இல்லை. துணைக்கு நானும் இறங்குவதென்று முடிவாயிற்று.

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர் ஏறத்தாழ 1,370 கி.மீ. தொலைவு, விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். கடைத்தெருவில் தமிழ் காதில் விழுகிறது. அங்கிருந்து படகேறி ஹேவ்லாக் தீவை அடைந்தோம். 2018 முதல் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் காடு திருத்திக் குடியேறிய தீவு இது. எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்த இளைஞரும் அக்குடியினரின் பேரர். “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” என்று இந்தியில் கேட்டேன். காலடி மணலைக் காட்டினார்.

முதலில் உடல்நிலை பற்றிய கேள்வித்தாள். பிறகு இடுப்பளவு நீரில் பயிற்சி. முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது பிராணவாயு என்று பலரைப் போல நானும் எண்ணியிருந்தேன். அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே; அழுத்தி அடைத்திருக்கிறார்கள். மூச்சிழுக்கும் போதெல்லாம், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தரும் கருவி வாயில் இருக்கிறது. இக்கருவியை 1943-இல் பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, காஞான் என்னும் இருவர் உருவாக்கினர்.

விதிகள் சில. மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. மேலே வருகையில் காற்று விரிந்து நுரையீரலைக் கெடுத்துவிடும். இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சரிசெய்ய வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் ‘நன்று’ என்று பொருளன்று. ‘மேலே போவோம்’ என்று பொருள். மூச்சை அடக்கியே பிழைத்தவரின் பேரனுக்கு முதல் பாடம், மூச்சை அடக்காதே என்பது!

இறங்கினோம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல் இரு மடங்கு. எனினும் உடல் கனக்கவில்லை; கனமே இல்லாதது போல் மிதந்தது. என் மூச்சின் ஓசையும் குமிழிகளின் ஓசையுமே கேட்டன. கடற்சாமந்தியின் கரங்களுக்கிடையே கோமாளி மீன்கள் எட்டிப் பார்த்தன. கிளிமீன் ஒன்று பவளப்பாறையைக் கொறித்தது. என் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு கறுத்துத் தெரிந்தது. செந்நிற ஒளியை நீர் முதலிலேயே விழுங்கிவிடுகிறது. வழிகாட்டி கைவிளக்கைக் காட்டியதும் அது மீண்டும் சிவந்தது. ஏறத்தாழ ஒரு நாழிகை அவர் என் உருளையைப் பிடித்த பிடியை விடவில்லை. முத்துக்குளிப்பவரின் கயிற்றை மைத்துனர்தான் பிடிப்பார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது ஏன் என்று அப்போது விளங்கியது.

மனிதரைக் கடல் ஏன் இழுக்கிறது? மீன்களின் வண்ணம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே நம்மை எவரும் அழைப்பதில்லை. அடுத்த வேலை என்பதில்லை. மூச்சு ஒன்றே வேலை. என் பாட்டனாருக்கு அந்த நிம்மதி கிட்டவில்லை. ஒரு நிமிட மூச்சுக்குள் அவர் சிப்பியைத்தான் தேட வேண்டும். மீனை எப்போது பார்ப்பது? அவருக்குக் கடல் பிழைப்பு, எனக்கு விடுமுறை. இந்த வேறுபாட்டை மறந்து கடலைப் புகழ்வது எனக்கு ஒவ்வாது.

கடலடி முழுவதும் அழகு என்றும் சொல்வதற்கில்லை. பவளம் ஒரு சிற்றுயிர். தன்னுள் வாழும் நுண்பாசிகளால் அது உணவும் நிறமும் பெறுகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசிகள் நீங்க, பவளம் வெளுக்கிறது. சூடு நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமானில் அவ்வாறு நேர்ந்தது. நாங்களும் எலும்புக் குவியல் போன்ற திட்டுக்களைக் கண்டோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மார்கழி முதல் பங்குனி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆஸ்துமா, இதய நோய், காது நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. மூழ்கிய மறுநாளே விமானம் ஏற வேண்டியிருந்தால், இடையில் 18 மணி நேரமாவது கழியட்டும். பவளத்தைத் தொடாதீர்கள், எடுத்து வராதீர்கள்.

அன்றிரவு தில்லியில் உள்ள தந்தையாருக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளைக்குக் காது வலித்ததா?”

“இல்லை அப்பா” என்றேன்.

“அப்படியானால் நன்றாகப் பார்த்திருப்பாள்” என்றார்.