ஆச்சி கேட்ட கேள்வி

நெல்லைச் சீமையிலிருந்து நாங்கள் திருவனந்தபுரம் கரமனைக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகள், ஓணப் பரீட்சையில் அறிவியற் பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்று வந்தாள்.

“எல்லாம் படித்தேன் அப்பா, தெரிந்தது போலவே இருந்தது” என்றாள். நான் நம்பவில்லை. “உனக்குப் படிப்பில் கருத்தில்லை” என்று கடிந்துகொண்டேன். குழந்தை உண்ணாமலே உறங்கிவிட்டாள்.

மறுநாள் மாலை என் தாயார் அவளை அருகே அழைத்து, “படித்ததை ஆச்சிக்குச் சொல்லம்மா” என்றார். செடிகள் உணவு ஆக்கும் பாடம் அது. ‘பிரகாச சம்ச்லேஷணம்’ என்று தொடங்கிப் புத்தகத்தில் உள்ளவாறே ஒப்பித்தாள். “எனக்கு விளங்கவில்லையே, நம் பேச்சில் சொல்” என்றார் தாயார். வேர் நீரைத் தருகிறது. இலை கரியமிலவாயுவை ஏற்கிறது. கதிரொளியின் துணையால் உணவு உண்டாகிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

“இரவில் வெயில் இல்லையே, அப்போது செடி பட்டினியா?”

மகள் திகைத்தாள். பட்டம் பெற்ற எனக்கும் விடை தோன்றவில்லை!

“இந்த இடம் எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை ஆச்சி” என்றாள் அவள். மறுநாள் ஆசிரியையிடம் கேட்டு ஓடிவந்தாள். பகலில் ஆக்கி மாவுப்பொருளாகச் சேமித்து வைத்ததே செடிக்கு இரவுணவாம்.

புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் பழகிய முகமாகத் தோன்றும். பழக்கத்தை அறிவென்று மயங்குகிறோம். பிறருக்குச் சொல்லும்போதுதான் அம்மயக்கம் கலைகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இதனை அறிந்திருந்தார். ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்பது அவர் கணக்கு. தம் அறிவின் நிலையைத் தாமே ஆராயும் இத்திறத்தை 1970களில் அமெரிக்க உளவியலறிஞர் ஜான் பிளேவல் தனித்துறையாகவே ஆராய்ந்தார்.

இப்போது என் மகள் ஐயமுள்ள இடந்தோறும் சிவப்புப் புள்ளி ஒன்று இடுகிறாள். நாள்தோறும் ஒரு பாடத்தை ஆச்சிக்குத் தமிழில் சொல்கிறாள். அன்று கடிந்த சொல்லுக்காக நான் அவளிடம் வருந்தினேன்.

பெற்றோராகிய அன்பர்களே! அயல்மொழியில் கற்கும் நம் குழந்தைகளை நோக்கி, “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்குமுன், “எந்த இடத்தில் விளங்காமல் நின்றாய்?” என்று தாய்மொழியில் கேட்போம். விடை நமக்குத் தெரியாவிட்டாலும் குறைவில்லை. என் தாயார் பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர்.