'லைட் ஆன்!'

சிறுசேரியில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்ட அம்மாவுக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது. வாயால் சொன்னாலே எரிகிற ஸ்மார்ட் பல்பு ஒன்று வாங்கினேன்.

மூன்று மணி நேரம் மசியவில்லை. வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு ரகமாம். இந்த பல்புக்கு 2.4 மட்டும்தான் ஆகும். என் போனோ 5-ல் உட்கார்ந்திருந்தது. (பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தாண்டி என்ன தெரியும்?)

ராத்திரி இரண்டு மணி. "லைட் ஆன்... லைட் ஆன்டா கண்ணா!" என்று அம்மா குரல். பேசும் டப்பா இங்கிலீஷில் ஏதோ சமாதானம் சொன்னது. அப்புறம் 'தொபீர்'!

நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போச்சு. கரன்ட் வீணாகுமே என்று, படுக்குமுன் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறாள் அம்மா. அதை அணைத்தால் எப்பேர்ப்பட்ட ஸ்மார்ட் பல்பும் வெறும் பல்புதான். அவளிடம் அதைச் சொல்லாதது நான்.

மறுநாள் நாவலூரில் ஒரு ஜீரோ வாட் பல்பு வாங்கி மாட்டினேன். அம்மா சந்தேகமாகப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன பாஷைடா?"