மேஜையும் ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட்டும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கணக்குப்பதிவியல் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. பற்று, வரவு, பேரேடு என்று படித்ததெல்லாம் பி.காம். சேர்ந்த முதல் வாரமே டெபிட், கிரெடிட், லெட்ஜர் என்று வேஷம் மாற்றிக்கொண்டு வந்து நின்றன. அதைக்கூட ஒரு மாதத்தில் சமாளித்துவிட்டான். எண்கள் மாறவில்லையே! சமாளிக்க முடியாமல் போனது பார்ட் டூ இங்கிலீஷ்தான். முதல் செமஸ்டரிலேயே அரியர்.

அந்தப் பேப்பரில் ஒரு சிறுகதை. ஓ. ஹென்றி எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை'. அப்படித்தான் உச்சரிக்க வேண்டுமாம். "யாருக்குடா மேஜையைப் பரிசாக் குடுத்தாங்க?" என்று இவன் கேட்க, பக்கத்துக் கட்டில் நண்பன் (கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குடில் கட்டுகிறவன்) விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், அது மூணு ராஜாக்கள்டா. குழந்தை ஏசுவுக்குப் பொன்னு, சாம்பிராணி எல்லாம் கொண்டு வந்தாங்கள்ல... அவங்க!"

முதல் முறை எழுதியபோது இவன் கதையைப் படிக்கவே இல்லை. ஜெராக்ஸ் கடைக் கைடில் இருந்த சுருக்கத்தைத்தான் மனப்பாடம் செய்தான். மனைவி கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள், கணவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான், தியாகமே அன்பு. அவ்வளவுதான். பரீட்சை ஹாலில் நாலாவது வரி மறந்தது. அதற்குப் பின்னால் வந்த வரிகளும் கூடவே போய்விட்டன. (கைடு வாங்கிய புண்ணியவான்களுக்கு இது புரியும்.)

இரண்டாவது முறை வேறு வழியில்லாமல் கதையையே எடுத்தான். முதல் பக்கத்திலேயே 'பார்சிமோனி', 'மென்டிகன்சி' என்று வரிசையாக இடறின. டிக்ஷனரி பார்த்து பென்சிலால் அர்த்தம் எழுதி எழுதி, கடைசியில் அச்செழுத்தே தெரியவில்லை. புத்தகத்தை மூடப் போனவன் கண்ணில் பட்டது ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட். கதையே அந்தத் தொகையோடுதான் ஆரம்பிக்கிறது. தெரியாத வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டு, கதையில் வரும் பணத்தை மட்டும் தேடிப் பொறுக்கினான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக ஒரு 'டி' போட்டான். அக்கவுண்ட் ரெடி.

ஜிம்மின் சம்பளம் வாரம் 20 டாலர். முன்பு 30 இருந்தது. வாடகை வாரம் 8. டெல்லாவின் கையிருப்பு 1.87. கூந்தல் விற்ற வரவு 20. ஆக 21.87. சங்கிலிக்குப் பற்று 21. மீதி 87 சென்ட். நீங்களே கூட்டிப் பாருங்கள், கதையிலும் அதே 87 சென்ட்டோடுதான் அவள் வீட்டுக்கு ஓடுகிறாள். ஒரு சென்ட் பிசகவில்லை.

ஓ. ஹென்றி, அதாவது வில்லியம் சிட்னி போர்ட்டர், டெக்சாஸில் ஆஸ்டின் நகர வங்கி ஒன்றில் டெல்லராக இருந்தவர். கையாடல் வழக்கில் 1898ல் தண்டனை பெற்று 1901 வரை சிறையில் இருந்தார். இந்தக் கதை 1905 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகையில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வங்கியில் காசு எண்ணியவர் எழுதிய கதையில் சில்லறை இடிக்கிறது! 1.87ல் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகளாம். மீதி 1.27. அதை 5, 10, 25, 50 சென்ட் காசுகளை வைத்து எப்படிக் கூட்டினாலும் கொண்டுவர முடியாது. 1873லேயே நின்றுபோன பழைய 2 சென்ட் காசு ஒன்று அவளிடம் இருந்திருந்தால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று இவனுக்கு வந்த சந்தோஷம், அக்கவுண்டன்சியில் டேலி ஆனபோதுகூட வந்ததில்லை.

ஆனால் பேரேட்டில் ஒரு ஓட்டை இருந்தது. டெல்லா வாங்கியது, விற்றது எல்லாவற்றுக்கும் தொகை உண்டு. ஜிம் கடிகாரத்தை எவ்வளவுக்கு விற்றான்? சீப்புகள் என்ன விலை? கதை முழுக்கத் தேடியும் இல்லை. ஜிம்மின் பக்கம் வெறும் கோடுதான். டெல்லாவின் சில்லறையையே நம்மை எண்ண வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே விடவில்லை மனுஷன். கடைசித் திருப்பம் ஒளிந்திருந்த இடம் அதுதான். பதினைந்து வரிக் கைடு இரண்டு பக்கத்தையும் முதலிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

எண்கள் நிலையாக நின்றதும் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. 'பார்சிமோனி' என்றால் கஞ்சத்தனம் என்று டிக்ஷனரி சொன்னபோது மனதில் நிற்கவில்லை. காய்கறிக்காரரிடமும் கறிக்கடைக்காரரிடமும் ஒவ்வொரு காசுக்கும் பேரம் பேசி, 'இவ்வளவு கஞ்சமா' என்று அவர்கள் நினைப்பார்களே எனக் கன்னம் சிவந்து சேர்த்த காசு அது என்று புரிந்தபோது நின்றுவிட்டது. வாரச் சந்தையில் ஐந்து ரூபாய்க்காக அம்மா மல்லுக்கட்டும்போது, கூடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப்போய் நின்றவன் இவன். காலேஜ் அட்மிஷனுக்காக அடகுக்கடைக்குப் போன அம்மாவின் தோடு இன்னும் திரும்பவில்லை. எவ்வளவுக்கு வைத்தார்கள் என்று இவன் கேட்டதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது கேட்டான். "உனக்கு எதுக்குப்பா அது? நீ படி" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரியர் பேப்பரில் தியாகத்தைப் பற்றித்தான் கேள்வி வந்தது. கைடு வரி ஒன்றுகூட எழுதவில்லை. டென்ஸ் எல்லாம் தாறுமாறு, ஸ்பெல்லிங் அதைவிட மோசம். கணக்கை மட்டும் முழுசாக எழுதி, ஜிம் பக்கம் ஏன் காலி என்று இரண்டு பாரா எழுதினான். மார்க் 46. பாஸுக்கு 40 போதும்.

அடுத்த செமஸ்டரில் டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸின் 'தி மங்கீஸ் பா'. "கதை என்னடா, சுருக்கமாச் சொல்லு" என்று பக்கத்துக் கட்டில் நண்பன் கேட்டான். "இன்னும் தெரியாதுடா. 200 பவுண்டு வேணுமாம், வீட்டுக் கடன் அடைக்க" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் தேடினான்.