இறங்கி வழிவிடுதல்

குருந்தூர்மலை, ஒதியமலை என்று பெயரிலே மலையைச் சுமக்கும் இடங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கின்றன. ஆயினும் ஏறி மூச்சு வாங்கத்தக்க மலையென்று வன்னியில் எதுவும் கிடையாது. சைக்கிளோடு நாங்கள் மூச்சு வாங்கியதெல்லாம் குளக்கட்டில் ஏறியபோதுதான். அத்தகைய மண்ணுக்கும் இப்போது மலைச் சைக்கிள்கள் வந்துவிட்டன. தடித்த ரயர், முன்சில்லுக்கு மேலே அதிர்வு தாங்கும் அமைப்பு, பல கியர்கள் எனப் பார்வைக்கு மிடுக்காகத்தான் இருக்கின்றன. பொருள் வைக்கக் கரியர் மட்டும் இல்லை. கரியர் இல்லாத சைக்கிளை எங்கள் தலைமுறையினர் முழுமையான சைக்கிளாக ஒப்புக்கொள்வது கடினம்.

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருமகன் ஒருவன் அவ்வாறான சைக்கிளொன்றை இரவல் வாங்கிக்கொண்டு, இரணைமடுக் கட்டிலும் அதற்கப்பாலுள்ள காட்டுப் பாதைகளிலும் ஓடப்போவதாகச் சொன்னான். அங்கே அவன் ஓடுவது தனியார் கால்நடைப் பண்ணையொன்றினுள் வெட்டப்பட்ட தடங்களிலாம். வாசலில் கட்டணம் செலுத்த வேண்டும்; விபத்து நேர்ந்தால் பண்ணைக்காரர் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; பலகையில் எழுதப்பட்டிருக்கும் விதிகளுக்கு அமைய வேண்டும். “மாமா, இஞ்ச காட்டுப் பாதையில ஓடுறதுக்கு ஏதும் றூல்ஸ் இருக்கோ?” என்று அவன் கேட்டபோது, இருந்தன என்றே பதில் சொன்னேன். அவற்றை எவரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. பத்திரிகையில் எழுதும் தேவையும் எழவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் செய்தியாக யார் எழுதுவார்?

மலைச் சைக்கிளோட்டம் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரீன் பகுதி மலைச்சரிவுகளில் பழைய கனத்த சைக்கிள்களைத் திருத்தி இறக்கத்தில் விட்ட இளைஞர்களிடமிருந்து வளர்ந்த விளையாட்டு. தடங்களில் நடப்போரும் குதிரையில் செல்வோரும் முறையிடத் தொடங்க, பல தடங்கள் சைக்கிள்களுக்கு மூடப்பட்டன. அந்தப் பிணக்கின் நடுவே 1988 இல் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் உருவாயிற்று. அச்சங்கம் பரப்பிய தட ஒழுக்கம் சுருக்கமானது: அனுமதிக்கப்பட்ட தடத்தில் மட்டும் ஓடவேண்டும், மண்ணைச் சிதைக்கக்கூடாது, வேகம் கைக்குள் இருக்கவேண்டும், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடவேண்டும், விலங்குகளை மிரட்டக்கூடாது. இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு ஒதுங்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. மேட்டில் ஏறுபவர் ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் உந்திப் புறப்படுதல் கடினம் என்பதே அதற்குக் காரணம்.

இதே காரணம் வன்னியிலும் இருந்தது. மேட்டுக்குப் பதிலாகப் பாரம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்து 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்படும்வரை வன்னிக்குள் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியது. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய சில வாகனங்களைத் தவிர்த்தால், ஊர் முழுவதும் சைக்கிளில்தான் நகர்ந்தது. நெல் மூட்டை, தேங்காய், மீன்பெட்டி, கிடுகு, நோயாளி, பிணம், கலியாணப் பெண் எல்லாம் அதில் போயினர். டைனமோவைச் சுழற்றி வானொலிக்கு மின்சாரம் எடுத்துத் தமிழோசை கேட்டதும் அதே சைக்கிளில்தான். ஒருவர் மிதிக்க நாங்கள் ஆறேழு பேர் சுற்றி நின்று செய்தி கேட்போம். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

இந்தச் சுமைகளுள் அரசன் விறகுச் சைக்கிள். பார்த்திராதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். கரியரின் இருபுறமும் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கிக் கயிற்றால் இறுக்கப்பட்டிருக்கும். அதில் ஏறி ஓடமுடியாது. கைபிடியோடு ஒரு தடியைச் சேர்த்துக் கட்டி, அதைப் பிடித்துத் திசைதிருப்பியபடி, மறுகையால் ஆசனத்தை அணைத்துத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். நிறுத்துவதாயின் கவைத்தடியொன்றை முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டு மணலில் புதைந்தால் சைக்கிள் சரியும். சரிந்தால் இன்னொருவரின் உதவியின்றி நிமிர்த்த முடியாது. ஆகவே விறகுச் சைக்கிள் எதிரே வந்தால் வெறுஞ் சைக்கிள்காரர் இறங்கி, தம் வண்டியைப் பற்றைக்குள் சாய்த்துக்கொண்டு நிற்பார். அது ஆசிரியராயினும், கிராம சேவையாளராயினும், இயக்கப் பொடியனாயினும் வழமை அதுவே. தள்ளுபவர் நன்றி சொல்லமாட்டார். சொல்ல மூச்சு இருக்காது. ஒரு தலையசைப்பு, சில வேளைகளில் அதுவும் இல்லை.

குளக்கட்டில் இது இன்னும் கண்டிப்பானது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. பிள்ளையைப் பாரில் இருத்தி வரும் தாய்க்கும் பாரச் சைக்கிளின் உரிமை உண்டு. அக்கராயனிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் இதே முறைமையைக் கண்டிருக்கிறேன். ஊருக்கு ஊர் யாரும் சென்று கற்பித்ததாகத் தெரியவில்லை.

பண்ணை வாசலிலுள்ள பலகையில் படலையைத் திறந்தவரே மூடவேண்டும் என்றொரு விதி இருக்குமாம். இதை மருமகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வயலுக்கும் தோட்டத்துக்கும் குறுக்கே போகும் எங்கள் பாதைகளில் கண்டாயங்கள் இருந்தன. இரு கட்டைகளின் துளைகளில் குறுக்குத் தடிகளைச் செருகி மாட்டை மறிக்கும் அமைப்பு அது. சைக்கிள்காரர் தடிகளை உருவி, வண்டியை உள்ளே தள்ளி, பிறகு ஒவ்வொன்றாக மீண்டும் செருகிவிட்டுத்தான் மிதிக்கலாம். அவசரத்தில் ஒரு தடியைப் போடாமல் விட்டால் இரவோடிரவாக ஒருவரின் நெற்பயிர் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். காணிக்காரர் தன் நிலத்தினூடே போக விட்டது சட்டத்தினால் அன்று. தடி திரும்பப் போடப்படும் என்ற நம்பிக்கையினால். அவ்வாறே மாட்டுப்பட்டிக்கு அருகே பெல் அடிப்பதில்லை. கன்று மிரண்டால் பட்டி முழுவதும் கலையும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுவழிகளில் மாலையானதும் யானை பாதையைக் கடக்கும். அதற்கு வழிவிடும்படி எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரவில் விளக்கும் வைக்கமுடியாது. விமானப் பயத்தினால் டைனமோவை விலக்கிவிட்டு இருளில் ஓடிய நாட்கள் பல. எதிரே சில்லுச் சத்தம் கேட்டால் குரல் கொடுப்போம். “ஆர் வாறது?” என்பதற்குப் பதிலாகப் பெயர் வரும், அல்லது “பாரத்தோட வாறன்” என்று வரும். பெயரைவிட இரண்டாவது பதிலே நமக்குத் தேவையான தகவல்.

இவ்வாறு எழுதிக்கொண்டு போகும்போது, அந்தக் காலம் முழுவதும் பண்பாகவே இருந்தது என்ற தோற்றம் வந்துவிடலாம். சைக்கிளை விட்டு இறங்குதல் என்பதற்கு எங்கள் வரலாற்றில் வேறு பொருள்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில், ஆதிக்க சாதியினரின் ஒழுங்கைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் சைக்கிளில் இருந்தபடி போகமுடியாது. இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்ற கொடுமை இருந்தது. அதற்கும் சிலர் மரியாதை என்றே பெயர் வைத்திருந்தனர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே வழக்கம் இருந்தது. வன்னிக் குடியேற்றங்களில் அது அவ்வளவாக வேரூன்றவில்லை. இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பின்னர் காவலரண்கள் வந்தன. சீருடை எதுவாயினும் நூறு யார் தூரத்துக்கு முன்னரே இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். இறங்கத் தாமதித்த வயோதிபர்கள் அடிபட்டதைக் கண்டிருக்கிறேன். பத்திரிகை அடையாள அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அது எந்தக் காவலரணிலும் என்னைச் சைக்கிளில் இருத்தி வைக்கவில்லை.

விறகுக்காரருக்காக இறங்கியதையும் இவற்றையும் ஒரே சொல்லால் குறிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒன்றில் இறங்குபவர் மேலே இருப்பவர். சுமை இல்லாதவர், இலகுவாக மீண்டும் ஏறக்கூடியவர். மற்றவற்றில் இறக்கப்படுபவர் ஏற்கெனவே கீழே வைக்கப்பட்டவர்.

மருமகனின் விதிகளுள் எங்களுடையதோடு முற்றாகப் பொருந்துவது தடத்தை விட்டு விலகாதே என்பது. அங்கே அது புல்லையும் மண்ணையும் காப்பதற்கு. இங்கே காலைக் காப்பதற்கு. போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, பாதையோரங்களில் மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. எதிரே பாரச் சைக்கிள் வந்தால் பற்றைக்குள் ஒதுங்கும் பழைய பழக்கம் அப்போது உயிருக்கே ஆபத்தாயிற்று. இருவரும் நின்று, ஒருவர் தன் சைக்கிளைத் தூக்கித் தலைக்கு மேலே பிடிக்க, மற்றவர் நூலளவு இடத்தால் பாரத்தை நகர்த்திச் சென்றதை முகமாலைப் பக்கத்தில் பார்த்தேன். ஒதுங்க இடமில்லாதபோதும் ஒதுங்கியவர் வெறுஞ் சைக்கிள்காரர்தான். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க விதிக்கப்பட்ட காலக்கெடு 2028 யூன். ஆகவே காட்டுக்குள் போகுமுன் ஊரவரிடம் கேட்கவேண்டும், பழகிய தடத்தில் மட்டும் போகவேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன்.

முன்னரும் எங்களுக்குக் கடினமான தடங்கள் இருந்தன. ஆனையிறவு அடைபட்டபின், 1991 அளவில், குடாநாட்டுக்குப் போக கொம்படி, ஊரியான் ஊடாகக் களப்பைக் கடக்கவேண்டியிருந்தது. சேற்றில் சில்லு புதைய, சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தோம். அங்கும் முதியவர்கள் கரையேறும் வரை இளையவர்கள் காத்திருந்தனர். 2009 இன் முதல் மாதங்களில் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று சனம் நகர்ந்தபோது ஒவ்வொருவரிடமும் பாரச் சைக்கிள். யார் யாருக்கு இறங்குவது? அங்கே காயப்பட்டவரை ஏற்றிய சைக்கிளுக்கு மட்டும் வழி பிறந்தது. புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒதுங்க வீதியே இல்லை. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் மணலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த சைக்கிள்களைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கரியர் இருந்தது. சிலவற்றில் கயிறும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

மருமகன் மூன்று நாட்கள் ஓடினான். கட்டில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவனுடைய சைக்கிளை வேடிக்கை பார்க்கத் தாங்களே இறங்கிவிட்டார்களாம். அதனால் அவன் எவருக்கும் இறங்க நேரவில்லை. கண்டாயங்கள் பல இடங்களில் இல்லை. முட்கம்பி வேலியும் பூட்டும் இருக்கின்றன. பாரத்தை இப்போது லான்ட்மாஸ்டரும் முச்சக்கரவண்டியும் கொண்டுபோகின்றன.

விறகுச் சைக்கிளை அருமையாகத்தான் காணமுடிகிறது. சென்ற மாதம் பரந்தன் சந்தியில் ஒன்றைக் கண்டேன். ஏ-9 வீதியைக் கடப்பதற்காக அந்த மனிதர் தடியைப் பிடித்தபடி நின்றார். யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்களும் வான்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கவைத்தடி முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அவர் நிற்கப் பழகியவராகத் தெரிந்தார்.