ஊமையான திரை

புதிய கிராபிக்ஸ் அட்டையொன்றை வாங்கிப் பழைய கணினியிற் பொருத்துகின்றோம். விசிறி சுழல்கின்றது, விளக்கு ஒளிர்கின்றது, திரையோ கருமையாகவே கிடக்கின்றது. அட்டை பழுதென்று கடைக்காரரைக் கடிந்துகொள்வாரும், கணினி மாண்டதென்று பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பாரும் நம்மிடையே உளர். இரண்டும் நலமாகவே இருத்தல் கூடும். ஒன்றன் மொழி மற்றதற்கு விளங்கவில்லை, அவ்வளவே.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியின் தாய்ப்பலகையிலே பயாஸ் என்னுஞ் சிறு நிரல் ஒரு சில்லிற் பதிக்கப்பட்டிருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது அதுவே. 1984இல் வந்த ஈ.ஜீ.ஏ. அட்டையோ, திரையை இயக்கும் நிரலைத் தன்னிடமே சுமந்து வந்தது. பயாஸ் நினைவகத்திற் குறித்தவோரிடத்தைப் பார்க்கும். அங்கே 55, ஏஏ என்னும் இரண்டு அடையாள எண்கள் காணப்படின் அந்நிரலை ஓடவிடும். இவ்வெளிய உடன்படிக்கையினாலன்றோ எவர் செய்த அட்டையும் எவர் செய்த பலகையிலும் படங் காட்டிற்று! கோடானுகோடி திரான்சிஸ்டர்கள் செறிந்த பிற்கால அட்டைகளும் இதன்பொருட்டு 16 பிட் காலத்து நிரலொன்றைச் சுமந்தே வந்தன.

இன்டெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய மாற்றுமுறை 2005 முதல் யூ.ஈ.எப்.ஐ. என்னும் பொதுமுறையாயிற்று. இதற்கேற்ற அட்டையில் வேறுவகை நிரல் வேண்டும். நெடுங்காலம் அட்டைகள் இருவகை நிரலையும் தாங்கின, பலகைகளும் சீ.எஸ்.எம். என்னும் துவிபாஷியை வைத்திருந்தன. அத்துவிபாஷியை 2020 அளவில் நீக்கப்போவதாக இன்டெல் 2017இல் அறிவித்தது. 2022இல் அது விற்பனைக்கு விட்ட ஆர்க் அட்டைகளுக்கு யூ.ஈ.எப்.ஐ. இன்றியமையாததாயிற்று. புதிய பலகையின் அமைப்புத் திரையையும் நாம் இன்னும் பயாஸ் என்றே வழங்குகின்றோம். பொருள் போயும் பெயர் போகவில்லை.

நாற்பதாண்டுச் சுமையை இறக்கிவைத்ததை நாம் குறை கூறோம். பரிசோதித்துப் பேணவேண்டிய நிரல் ஒன்று குறைகின்றது. தொடக்கத்திலேயே கையொப்பம் பார்த்து நிரலை ஏற்கும் காவலும் புதிய முறையிலேதான் உண்டு. ஆயின், வாங்குபவன் பெட்டியின்மேற் பார்ப்பது விலையையும் நினைவகத்தின் அளவையுமே. இவ்வொரு நிபந்தனை அவற்றினருகே பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். கருந்திரை தன் காரணத்தைத் தானே சொல்லமாட்டாது.

இனி, செய்யத்தக்கது. விண்டோஸ் கணினியில் எம்.எஸ்.இன்போ32 என்று தட்டின் பயாஸ் முறை எதுவெனத் தோன்றும். அது பழைய முறையென்று காட்டினும் பலகை புதிய முறையை அறிந்ததாயிருக்கலாம். வட்டு மாத்திரம் பழைய எம்.பி.ஆர். முறையிற் பிரிக்கப்பட்டிருக்கும். 2017 முதல் விண்டோஸ் 10இல் உள்ள எம்.பி.ஆர்.2ஜீ.பி.டி. என்னுங் கருவி, கோப்புகளை அழிக்காமலே வட்டை மாற்றவல்லது. எனினும் முதலிற் பிரதியெடுத்தல் அவசியம். இவ்வளவும் பழைய அட்டை கணினியில் இருக்கும்பொழுதே செய்து முடிக்கவேண்டியவை, பின்னரே யூ.ஈ.எப்.ஐ. முறைக்கு மாறிப் புதிய அட்டையைப் பொருத்துக.

2010இற்கு முற்பட்ட பலகைகள் பலவற்றில் யூ.ஈ.எப்.ஐ. அறவே இல்லை. அவற்றிற்குப் பழைய நிரலையுந் தாங்கிய முந்திய தலைமுறை அட்டைகளே துணை. மாணவர் தட்டச்சுப் பழகவும் நிரலெழுதப் பயிலவும் அத்தகைய கணினிகள் இன்னும் போதியன. பழைய மாணவர் எவரேனும் தம் அலுமாரியில் அவ்வட்டையொன்றை வைத்திருப்பின், அதனை எறியாது கல்லூரிக் கணினிக் கூடத்துக்கு அனுப்புவாராக.